முடி, கயிறு, கைபேசி: பள்ளி விதிகளோடு மாணவர்களுக்கு என்ன சண்டை?

தமிழ்நாட்டில் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கும் யாரையாவது கூப்பிட்டு, உங்கள் பள்ளியில் என்னென்ன விதிகள் என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். சட்டையை இன் பண்ணியிருக்க வேண்டும், முடி காதைத் தொடக் கூடாது, ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்ட வேண்டும், கையில் கயிறு இருக்கக் கூடாது, போன் கொண்டுவரக் கூடாது, மணி அடித்த பிறகு வந்தால் வெளியே நிற்க வேண்டும். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் விழிப்பார்கள். தனியார் மெட்ரிக் பள்ளியாக இருந்தால் டைரியின் முதல் நாலைந்து பக்கங்களில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் பிரேயரில் பி.டி. சார் மைக்கில் சொல்வதுதான் விதி. அவர் மாறுதலாகிப் போனால் விதியும் கொஞ்சம் மாறும்.

மாணவர்களின் அதிருப்தி தொடங்கும் இடம் இதுதான். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு என்றாலே ஆகாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தேர்வில் பிட் அடிக்கக் கூடாது, சின்னப் பையன்களை அடிக்கக் கூடாது, வகுப்பு நடக்கும்போது கத்தக் கூடாது என்பதையெல்லாம் அவர்கள் எதிர்ப்பதே இல்லை. அவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: இது எதற்கு? எல்லாருக்கும் இதேதானா? இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேட்டால் வரும் பதில், "என்ன, எதிர்த்துப் பேசுறியா?" நம் பள்ளிகளில் எந்தப் பட்டியலிலும் எழுதாத, ஆனால் மிகப் பெரிய குற்றம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாமதமாக வந்தவனை மன்னித்து உள்ளே விடுவார்கள். தாமதத்துக்கு ஏன் முட்டி போட வேண்டும் என்று கேட்டவனை விட மாட்டார்கள்.

பள்ளியில் நடைமுறையில் இருக்கும் விதிகள் எல்லாமே ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல. சில, சட்டத்தின் பலத்தில் நிற்பவை. சில, கல்வித் துறை அனுப்பும் சுற்றறிக்கைகள். சில, அந்தப் பள்ளியின் பழக்கம். மீதி, ஓர் ஆசிரியரின் சொந்த ரசனை. பையன்களுக்கு நாலும் ஒரே குரலில்தான் வந்து சேரும். எது எந்த ரகம் என்று அவர்களும் ஓரளவு கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். பைக் விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 16 வயது ஆனவர் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியைத்தான் உரிமம் எடுத்து ஓட்டலாம். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம், அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. இதைப் பள்ளியில் ஒருமுறை விளக்கிச் சொன்னால் முணுமுணுப்பு அடங்கிவிடும். வண்டியைப் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருகிறவன் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன்கூட அந்த விதி தப்பு என்று வாதாட மாட்டான்.

முடி அப்படியில்லை. முடிக்குச் சட்டம் இல்லை, காரணமும் தெளிவில்லை, ஆனால் சண்டை நடப்பது அதிகமும் அங்கேதான். ஒன் சைடு, ஸ்பைக், பாக்ஸ் கட்டிங், புருவத்தில் கோடு என்று வருடத்துக்கு ஒன்று வரும். வாசலில் பி.டி. சார் நிற்பார். திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் வரிசையிலிருந்து பத்துப் பேரைத் தனியே பிரிப்பார்கள். சில இடங்களில் முடிதிருத்துநரைப் பள்ளிக்கே வரவழைத்து வெட்டிவிட்டார்கள். பக்கத்துச் சலூன்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம் கொடுத்து, எங்கள் பையன்களுக்கு ஸ்டைல் கட்டிங் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டதும் செய்திகளில் வந்தது. சலூன்காரர் பாடு திண்டாட்டம்தான். நாற்காலியில் உட்கார்ந்து போனில் படத்தைக் காட்டுகிற பையனிடம், தம்பி, உன் ஸ்கூல்ல சொல்லியிருக்காங்கப்பா என்று அவர் சொல்ல வேண்டும்.

பள்ளி தரப்பில் சொல்லும் காரணம்: முடியில் ஆரம்பித்தால் மற்ற ஒழுங்கும் போய்விடும், ஒருவன் செய்தால் நாற்பது பேர் செய்வார்கள், வெளியில் பள்ளியின் பெயர் கெடும். மூன்றாவது காரணம்தான் உண்மையானது என்று நினைக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேல் ஊர் வைத்திருக்கும் பார்வை அப்படி. முடியை ஒட்ட வெட்டி, எண்ணெய் தேய்த்து, வரிசையாக நிற்கும் பையன்களைப் பார்த்தால் 'நல்ல பள்ளிக்கூடம்' என்று ஊர் சொல்லும். அதற்குப் பையனின் தலையைத்தான் பயன்படுத்த முடிகிறது. கழிப்பறையைச் சுத்தமாக வைத்தால் தெருவில் போகிறவருக்குத் தெரியாது அல்லவா!

பையன்கள் சொல்வதும் எளிமையானது. முடிக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? பழனிக்கு மொட்டை போட்டு வந்தால் ஒன்றும் சொல்வதில்லை, முதல் மார்க் எடுக்கிறவன் முடி வளர்த்தால் கண்டுகொள்வதில்லை, கடைசி பெஞ்சுக்காரன் மாட்டிக்கொள்கிறான். இந்தக் கடைசி வரியைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். விதி பிடிக்கவில்லை என்பதைவிட, விதி ஆள் பார்த்து வருகிறது என்ற கோபம்தான் அதில் தெரிகிறது.

இது நம்மூர் விசித்திரம் மட்டும் அல்ல. ஜப்பானில் இதைவிட மோசம். ஒசாகா மாகாணப் பள்ளி ஒன்றில், இயற்கையிலேயே பழுப்பு முடி கொண்ட மாணவியைக் கறுப்புச் சாயம் பூசச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்கள். அவர் 2017-இல் வழக்குப் போட்டார். 2021-இல் வந்த தீர்ப்பில், முடி விதி செல்லும் என்றே நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர் பள்ளிக்கு வராமல் நின்ற பிறகு வகுப்பிலிருந்து அவரது மேசையை எடுத்ததும் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் தவறு என்று 3,30,000 யென் இழப்பீடு தரச் சொன்னது. வழக்கில் அவருக்குப் பாதி வெற்றிகூட இல்லை. ஆனாலும் அது கிளப்பிய விவாதத்தில் நாடு முழுக்கப் பள்ளி விதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. உள்ளாடை நிறம் வரைக்கும் விதி வைத்திருந்த பள்ளிகள் இருந்தது தெரிந்தது. 2022 ஏப்ரலில் தோக்கியோ மாநகர அரசு தன் பள்ளிகளில் இருந்த இந்த மாதிரி ஐந்து வகை விதிகளை நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டி நூலைத் திருத்தி, விதிகளை இணையதளத்தில் வெளியிடுவதும், மாற்றும்போது மாணவர் கருத்தைக் கேட்பதும் நல்லது என்று எழுதியது. எழுதிப் போட்டால் பாதி விதிகள் தானாகவே கூசிப்போகும் என்பது அங்கே நடந்த வேடிக்கை.

சரி, கயிறுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வெளியாள் கண்ணுக்குச் சாமிக் கயிறு. தென் மாவட்டப் பள்ளிகளில் பல இடங்களில் அது சாதி அடையாளம். எந்த நிறம் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கயிறைப் பார்த்து நட்பு, கயிறைப் பார்த்து அணி, கயிறைப் பார்த்து அடி. 2018 ஆம் ஆண்டுத் தொகுதி ஐஏஎஸ் பயிற்சி அலுவலர்கள் இதைச் சுட்டிக்காட்டியதை வைத்து, 2019-இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனக் கயிறு கட்டும் வழக்கத்தைக் கண்டறிந்து தடுக்கச் சொன்னார். சமய அடையாளத்தில் கைவைக்கிறார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அப்போதைய அமைச்சர் செங்கோட்டையன் பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்ல, சுற்றறிக்கை கிடப்பில் போனது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவரை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த 600 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை, பள்ளிகளின் பெயரில் சாதி வராமல் இருப்பது, வளாகத்தில் கைபேசி கூடாது என்று நிறையப் பரிந்துரைகள் இருந்தன. நெற்றித் திலகத்தைச் சேர்த்ததற்கு அரசியல் கட்சிகளிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. மாணவர்களின் இருக்கையை அகர வரிசையில் போடச் சொன்னதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் கூர்மையான பரிந்துரையாகப் படுகிறது. கயிறை அறுத்தால் மோதிரத்தில் வரும், மோதிரத்தைக் கழற்றினால் வாட்ஸப் டிபியில் வரும். ஒரு வருடம் முழுக்க வேறு தெருப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை.

கயிறு விதியைப் பற்றி மாணவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. பேசவும் முடியாது. அதைக் கட்டிப் பெருமைப்படுகிறவனுக்கு அது தன் உரிமை, அதைப் பார்த்துப் பயந்து பெஞ்ச் மாறி உட்காருகிறவனுக்கு அந்தத் தடை பாதுகாப்பு. மாணவர் கருத்தைக் கேளுங்கள் என்று என்னைப்போலச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கையைத் தூக்கச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தினால் கயிறு கட்டியவர்கள் ஜெயிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. சில விதிகள் பலவீனமானவனுக்காகப் போடப்படுபவை, அவற்றைப் பெரும்பான்மைக்கு விட முடியாது. அப்படியானாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம். கோயில் கயிறு கட்டக் கூடாது என்று மட்டும் சொல்லும் ஆசிரியர் பொய் சொல்கிறார் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். சாதியைப் பற்றி வாயைத் திறக்காமல் சாதிக் கயிறைத் தடை செய்வது நம் பள்ளிகளுக்குக் கைவந்த கலை.

உடை, அடையாளம், நம்பிக்கை பற்றிய இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கேரளாவில் 1985-இல், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றும், தங்கள் மத நம்பிக்கையால் வாய் திறந்து பாடாத மூன்று உடன்பிறப்புகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை, துறைச் சுற்றறிக்கையை வைத்து அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சுற்றறிக்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாகப் பிரித்த பள்ளி வழக்கு வேறு எனக்குத் தெரியவில்லை. கர்நாடகத்தில் 2022-இல் வகுப்பில் ஹிஜாப் அணியத் தடை விதித்த விவகாரம் வெடித்தபோது விடை அவ்வளவு தெளிவாக வரவில்லை. உடுப்பியில் பி.யூ. கல்லூரி மாணவிகள், அதாவது நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ வயதுப் பெண்கள், தொடங்கிய வழக்கு அது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது, அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புச் சொன்னார்கள்.

சீருடையின் நோக்கத்தை நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1985-இலிருந்து சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுத்துவரும் மாநிலம் இது. இப்போது எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நாலு செட். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல சட்டை சீருடைதான் என்ற நிலையில் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை ஒழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துணி மட்டமாக இருக்கிறது, அளவு சேரவில்லை, வெயிலில் ஓவர்கோட் எதற்கு என்றுதான் கேட்கிறார்கள்.

ஓவர்கோட் என்றதும் பெண் பிள்ளைகள் பக்கம் வர வேண்டியிருக்கிறது. பையன்களுக்கு விதி, திமிராகத் தெரியக் கூடாது என்பதற்காக. பெண்களுக்கு விதி, தெரியவே கூடாது என்பதற்காக. துப்பட்டாவை இரண்டு தோளிலும் மடித்துப் பின் குத்த வேண்டும், பூ வைக்கக் கூடாது, கொலுசு போடக் கூடாது, மருதாணி கூடாது, நெயில் பாலிஷ் கூடாது, பையன்களோடு பேசக் கூடாது, மாடிப்படிகூடத் தனி. ஏன் என்று கேட்டால் பசங்க கவனம் சிதறும் என்கிறார்கள். அவன் கவனத்துக்கு நான் ஏன் பொறுப்பு என்று பதினைந்து வயதுப் பெண் கேட்டால் என்ன பதில் சொல்வது? நியாயமான பதில் எனக்குத் தெரியவில்லை, சொல்லியவரையும் பார்த்ததில்லை. இதில் பெண் ஆசிரியர்களே அதிகம் கண்டிப்பு காட்டுவார்கள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் முதலில் கேட்பது டீச்சரைத்தான், அந்தப் பயமும் உண்டு.

கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பதும் விதிதான். பீரியட் நடுவில் கேட்டால் எரிந்து விழுவார்கள், ஒருவர் வந்த பிறகுதான் இன்னொருவர் போகலாம், இடைவேளையில் இருநூறு பேருக்கு நாலு கழிப்பறை. இதனால் தண்ணீரே குடிக்காமல் மாலை வரை இருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். பிளஸ் டூவில் சிலருக்கு 18 முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர்கூட வந்துவிடும். சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், சிறுநீர் கழிக்கப் போகக் கை தூக்க வேண்டும்.

கைபேசி விதிதான் கொஞ்சம் பரிதாபமானது. கொரோனாக் காலத்தில் போன் வாங்கிக் கொடுங்கள் என்று பள்ளிகளே பெற்றோரிடம் சொல்லின. கடன் வாங்கி வாங்கினார்கள். பாடம், வீட்டுப்பாடம், வருகைப் பதிவு எல்லாம் அதில்தான். திரும்பப் பள்ளி திறந்ததும் அதே போன் குற்றப் பொருளாகிவிட்டது. 2022 ஏப்ரலில் வேலூர் பக்கம் அரசுப் பள்ளி மாணவர்கள் மேசை நாற்காலியை உடைக்கும் காணொளி பரவியது. ஆசிரியரை மிரட்டும் காணொளிகளும் வந்தன. அடுத்த மாதமே அமைச்சர் அன்பில் மகேஸ், ஆசிரியர்களிடம் தவறாக நடக்கும் மாணவர்களின் டி.சி.யில் காரணத்தை எழுதிக் கொடுத்து நிரந்தரமாக நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் எச்சரித்தார். போனுக்கும் தடை மீண்டும் சொல்லப்பட்டது. தடை தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாணவர்களிலும் கணிசமானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். வீட்டுப்பாடத்தை இன்றும் வாட்ஸப் குழுவில் அனுப்பிக்கொண்டே, போன் உன்னைக் கெடுக்கும் என்று சொல்லும்போதுதான் பையன் சிரிக்கிறான்.

தனியார் பள்ளிகளில் வேறொரு விதி உண்டு, தமிழில் பேசினால் ஃபைன். ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ, பட்டியல் எழுதுவது கிளாஸ் லீடர். அவன் தன் நண்பன் பெயரை எழுத மாட்டான் என்பது எல்லா ஊரிலும் உள்ள கதை. இதைப் பற்றி மேடையில் பேசாத தமிழார்வலர் இல்லை, தன் பிள்ளையை அங்கேதான் சேர்த்திருப்பார்.

விதியை மீறினால் என்ன செய்யலாம் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு அடியையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் அதற்கு வெளியே. நல்லவேளையாகத் தமிழ்நாடு 2003-இலேயே தன் கல்வி விதிகளில் 51 ஆம் விதியைத் திருத்தி, திருத்துவதற்காக என்றாலும் உடலுக்கும் மனதுக்கும் வலி தரக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் முட்டி போடுவது, நூறு தடவை இம்போசிஷன், வகுப்பு முன் நிறுத்திக் கேலி செய்வது எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருந்தன. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேசியக் குழந்தை உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல்களை மாநிலம் முழுக்க நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்த வழிகாட்டுதல்களில் பட்டப்பெயர் வைப்பதும் அவமானப்படுத்துவதும்கூட மனத் துன்புறுத்தல்தான். பள்ளிதோறும் கண்காணிப்புக் குழு அமைத்து, தலைமையாசிரியர், பெற்றோர், ஆசிரியர்களோடு மூத்த மாணவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாணவரை மேசையின் இந்தப் பக்கம் உட்கார வைக்கச் சொன்ன அபூர்வமான வரி அது.

ஆசிரியர்களுக்கும் ஒரு தரப்பு இருக்கிறது. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, ஃபெயில் ஆக்கக் கூடாது, ஆனால் நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும், ஐம்பது பேர் உள்ள வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்றால் என்னதான் செய்வது என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு அதற்குப் பதிலாக ஆலோசகர்களைப் போதிய அளவு கொடுக்கவில்லை. கையில் எதுவும் இல்லாதவர் முடி, கயிறு, ரிப்பன் என்று கண்ணில் படுவதைப் பிடிப்பார். அதனால்தான் இந்தச் சின்ன விதிகள் இவ்வளவு பெரிதாகின்றன.

மாணவர்கள் வாய் திறக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண் இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைத்தார்கள். 2024-இல் 'மகிழ் முற்றம்' வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, மாணவர் தலைவர்களையும் பொறுப்பில் வைத்தார்கள். பெட்டியும் எண்ணும் தொல்லை நடந்தால் சொல்வதற்கு. அவை மிக அவசியம், அவற்றால் சில கொடுமைகள் வெளியே வந்தும் இருக்கின்றன. ஆனால் கொலுசு ஏன் கூடாது என்று கேட்க 1098-ஐக் கூப்பிட முடியாது. குழந்தைகள் தங்களைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லலாம், அதை மதிக்க வேண்டும் என்கிறது ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12 ஆவது பிரிவு. இந்தியா அதை 1992-இல் ஏற்றுக்கொண்டது. இன்று பத்தாவது படிப்பவரின் அம்மாவே அன்றைக்கு ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பார்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஜூனில் புத்தகம் கொடுக்கும்போது ஒற்றைத் தாளில் தமிழில் விதிகளை அடித்துக் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். இரண்டாவது வாரத்தில் மகிழ் முற்றத் தலைவர்களையும் பி.டி. சாரையும் ஒரு பீரியட் உட்கார வைத்து, காரணம் எழுத முடியாமல் காலியாக விட்ட வரிகளை மட்டும் பேசச் சொல்லலாம். முடிக்கு எதிரே என்ன எழுதுவார்கள் என்று பார்க்க எனக்கே ஆசை.